எழுத்து தடித்ததும் மெலிந்ததும் எதனால்? பிரவுசரில் ஒரு பாதி, உங்கள் இணையப் பக்கத்தில் ஒரு பாதி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் இணையப் பதிப்பில் எழுத்து திடீரென்று தடித்துவிட்டது என்று ஒரு வாசகரும், இல்லை, வெளிறிப்போய்விட்டது என்று இன்னொருவரும் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார்கள். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஒரே செய்தி, ஒரே எழுத்துரு, இரண்டு கணினிகளில் இரண்டு விதமாகத் தெரியக் காரணங்கள் இருக்கின்றன. பெங்களூரில் இணையப் பக்க வடிவமைப்பிலும் தமிழ், கன்னட எழுத்துரு வேலையிலும் இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். கண்ணாடியை மாற்றுவதற்கு முன் வாசகர்கள் பார்க்க வேண்டியவை கொஞ்சம். உங்கள் அலுவலகம் செய்ய வேண்டியவை அதைவிட அதிகம்.

முதலில் விண்டோஸ். சாதாரண எல்சிடி திரையில் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பட்டைகள் கொண்டது. மைக்ரோசாஃப்ட் 1998இல் அறிவித்த கிளியர்டைப் முறை இந்தப் பட்டைகளைத் தனித்தனியே ஒளிர வைத்து, எழுத்தின் விளிம்பை ஒரு பிக்சலின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நுணுக்கமாக வரைகிறது. அந்த விளிம்பு எவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும் என்பதை காமா, கான்ட்ராஸ்ட் என்ற இரண்டு அளவுகள் தீர்மானிக்கின்றன. அவற்றை நம் கண்ணுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள விண்டோஸிலேயே ஒரு கருவி உண்டு. குரோம் வெகுகாலம் அதைக் கண்டுகொள்ளவில்லை. 2014இல் 37ஆம் பதிப்பில் எழுத்தை வரையும் விண்டோஸின் பழைய ஜிடிஐ முறையை விட்டுப் புதிய டைரக்ட்ரைட்டுக்கு மாறிய பிறகும், இந்த இரண்டு அளவுகளுக்குத் தன்னுடைய எண்களையே வைத்துக்கொண்டிருந்தது. 2025 ஜனவரியில் வந்த 132ஆம் பதிப்பிலிருந்துதான் விண்டோஸில் பதிவாகியிருக்கும் அளவுகளை எடுத்துக்கொள்கிறது. மைக்ரோசாஃப்டின் எட்ஜ் இதை முன்பே செய்துகொண்டிருந்தது. அந்த வேலைதான் குரோமுக்கும் வந்து சேர்ந்தது.

ஆக, எப்போதோ யாரோ ஒருவர் அந்தக் கருவியில் அழுத்தமான மாதிரியைத் தேர்ந்தெடுத்திருந்த கணினியில், பல ஆண்டுகள் கழித்து, குரோம் தன்னைப் புதுப்பித்துக்கொண்ட நாளில் எழுத்து தடித்துவிடும். மெலிதான மாதிரியைத் தேர்ந்தெடுத்திருந்த கணினியில் மெலிந்துவிடும். சிவாஜிநகர் பக்கம் டிடிபி கடைகளில் இன்னும் விண்டோஸ் 7 ஓடும் கணினிகள் இருந்தால், அங்கே எந்த மாற்றமும் தெரியாது. அந்த விண்டோஸுக்கு குரோம் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது.

இந்த மாற்றம் ஆங்கிலத்தைவிடத் தமிழைத்தான் அதிகம் தொடுகிறது. ஒரு சுழி சுழியாகத் தெரிய வேண்டுமானால் கோடு, நடுவில் வெள்ளை, மறுபடி கோடு என்று குறைந்தது மூன்று பிக்சல் வேண்டும். ‘ண’, ‘ஞ’, ‘இ’ போன்ற எழுத்துகளில், ‘ல’ உயரத்துக்குள்ளேயே சுழியும் வளைவும் நேர்கோடும் நெருங்கி நிற்கின்றன. 13, 14 பிக்சல் அளவில் அந்த நடு வெள்ளைக்கு முழு பிக்சல்கூடக் கிடைக்காது, சாம்பலாகிவிடும். அழுத்தம் கூடினால் சுழி அடைபடும், குறைந்தால் கோடே மங்கும். ஏரியல், வெர்டானா போன்ற ஆங்கில எழுத்துருக்களுக்குச் சிறு அளவுகளில் கோடுகள் பிக்சலில் சரியாக உட்காரும்படி கையாலேயே திருத்தம் செய்திருக்கிறார்கள். தமிழில் அந்த உழைப்பு அரிது.

சரிசெய்யும் முறை இது. முதலில் திரையின் இயல்பான பிக்சல் எண்ணிக்கை சரியாக அமைந்திருக்கிறதா என்று டிஸ்பிளே செட்டிங்ஸில் பாருங்கள். எஸ்.பி. ரோட்டுக் கணினிச் சந்தையில் வாங்கிய பழைய மானிட்டர் 1440 × 900 ஆக இருந்து, கணினி அதற்கு 1280 × 720 அனுப்பிக்கொண்டிருந்தால் எந்த கிளியர்டைப்பும் உதவாது. ‘ரெக்கமெண்டட்’ என்று எழுதியிருக்கும் எண்ணையே வையுங்கள். பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்தி கிளியர்டைப் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள்; ‘அட்ஜஸ்ட் கிளியர்டைப் டெக்ஸ்ட்’ வரும். ஐந்து திரைகளில் மாதிரிப் பத்திகளைக் காட்டி, நன்றாகத் தெரிவதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். ஆங்கில விண்டோஸில் மாதிரி ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழ் படிப்பவர் சறுக்குவது இங்கேதான். ஆங்கிலத்தில் மிக அழுத்தமாகத் தெரிவதைத் தேர்ந்தெடுத்தால் தமிழில் சுழிகள் அடைபட்டுவிடும். நடுத்தரமான ஒன்றையே எடுங்கள். முடித்ததும் பிரவுசரை முழுவதும் மூடித் திறந்து, ‘ஞாயிறு, இணையை, ஜூலை, ணூ, ழூ’ என்று ஒரு வரியை 100 சதவீத ஜூமில் பாருங்கள். ‘ஜூ’வின் உள்வளைவு வெள்ளையாகத் தெரிந்தால் போதும். தெரியாவிட்டால் மறுபடி கருவியைத் திறந்து ஒரு படி குறைக்கலாம்.

எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் படர்ந்து தெரிந்தால் கோளாறு வேறு. சில திரைகளில் பட்டைகளின் வரிசை நீலம், பச்சை, சிவப்பு என்று தலைகீழாக இருக்கும்; அதற்கும் இதே கருவிதான். ஓஎல்இடி திரைகளில் பட்டைகளின் அமைப்பே வேறு என்பதால் கொஞ்சம் நிறப்படர்வு இருந்தே தீரும். மானிட்டரைச் செங்குத்தாகத் திருப்பி வைத்துப் படிப்பவர்கள் கிளியர்டைப்பை அணைத்துவிடுவதே மேல், ஏனென்றால் பட்டைகள் அப்போது படுத்துக்கிடக்கும். சிறிய அலுவலகங்களில் டிவியையே மானிட்டராக மாட்டுவதும் நடக்கிறது. பல டிவிகள் நிற விவரத்தைப் பாதியாக்கிக் காட்டுபவை. படத்துக்குப் பரவாயில்லை, எழுத்து குழையும். டிவியின் மெனுவில் அந்த எச்டிஎம்ஐ இணைப்புக்குப் ‘பிசி’ என்ற வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஃபயர்ஃபாக்ஸ் தன் வழியில் போகிறது. அதன் உள் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் பக்கத்தில் (about:config) கிளியர்டைப் என்று ஆங்கிலத்தில் தேடினால் இதற்கான வரிகள் வரும். காமா, என்ஹான்ஸ்டு கான்ட்ராஸ்ட் இரண்டும் –1 என்று இருந்தால் விண்டோஸின் அளவை எடுத்துக்கொள்கிறது என்று பொருள். கான்ட்ராஸ்டை 0 முதல் 1000 வரை, காமாவை 1000 முதல் 2200 வரை நாமே கொடுக்கலாம். அதே இடத்தில் ஏரியல், டஹோமா, வெர்டானா, செகோ யூஐ முதலிய ஆங்கில எழுத்துருக்களின் பட்டியல் ஒன்று இருக்கும். இவற்றை மட்டும், 15 பிக்சல் வரை, பழைய ஜிடிஐ பாணியில் கூர்மையாக வரையச் சொல்கிறது அந்தப் பட்டியல். அதில் தமிழ் எழுத்துரு எதுவும் இல்லை. ஒரே வரியில் ஆண்டும் விலையும் கூர்மையாகவும் பக்கத்தில் உள்ள தமிழ் மிருதுவாகவும் தெரிகிறது என்று சொல்பவர்களுக்கு இதுதான் விடை. பட்டியலை வெறுமையாக்கினால் இரண்டும் ஒரே மாதிரியாகும்.

ஆப்பிள் கணினிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2018இல் வந்த மொஹாவி என்ற மேக் இயங்குதளத்திலிருந்து மூன்று பட்டை முறையே இயல்பிருப்பாக இல்லை. வெறும் சாம்பல் நிறப் படிகள்தான். பிக்சல்கள் மிக நெருக்கமான ரெட்டினா திரையில் வித்தியாசம் தெரியாது, பழைய மானிட்டரை வெளியே இணைத்தால் தெரியும். ஆண்ட்ராய்டிலும் சாம்பல் படிகள்தான். அங்கே நடந்திருக்கும் மாற்றம் உள்ளே இருக்கிறது. இணைய எழுத்துருக் கோப்புகளைப் படிக்க இத்தனை ஆண்டுகளாக குரோம் பயன்படுத்திய ஃப்ரீடைப் என்ற மென்பொருளை எடுத்துவிட்டு, 133ஆம் பதிப்பிலிருந்து ரஸ்ட் மொழியில் எழுதிய ஸ்க்ரிஃபாவை வைத்திருக்கிறார்கள். கெட்ட எழுத்துருக் கோப்பு வழியாக யாரும் நினைவகத்துக்குள் புகுந்துவிடக் கூடாது என்பது நோக்கம். வாசகர் கண்ணுக்கு எதுவும் மாறக் கூடாது என்பதும் நோக்கம்தான்.

இனி உங்கள் பக்கம். இதைக் குறை சொல்லும் கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலான தமிழ்ச் செய்தித் தளங்களுக்கும் பொருந்துவதுதான்.

தலைப்புகளிலிருந்து தொடங்குகிறோம். கூகுள் ஃபான்ட்ஸில் ஓர் எழுத்துருவின் பெயரை மட்டும் கொடுத்துக் கேட்டால் 400 என்ற சாதாரணத் தடிமன் மட்டுமே வரும். தலைப்புக்கு 700 வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டுவிட்டு, தலைப்பை போல்டு என்று சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் குறியீட்டில்) எழுதினால் பிரவுசர் தானே ஒரு போலி போல்டை உண்டாக்கும்: சாதாரண எழுத்தின் வெளிக்கோட்டை எல்லாப் பக்கமும் ஊதிப் பெருக்கும். குரோமின் வரைபொறியில் 24 பிக்சல் தலைப்புக்கு ஒவ்வொரு கோடும் ஏறக்குறைய 0.9 பிக்சல் தடிக்கிறது. உண்மையான போல்டு எழுத்தை வரைபவர் கோட்டைத் தடிப்பாக்கும்போது சுழியையும் அகலப்படுத்துவார், எழுத்தையே கொஞ்சம் விரிப்பார். போலி போல்டுக்கு அது தெரியாது; சுழியின் உட்புறத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். ‘இணை’ என்பது வெறும் கறுப்புக் கட்டியாகத் தெரிவது இதனால்தான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். குரோமில் தலைப்பின் மேல் வலது கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் போய், கம்ப்யூட்டட் என்ற பகுதியின் அடியைப் பாருங்கள். ‘ரெண்டர்டு ஃபான்ட்ஸ்’ என்று, உண்மையில் எந்த எழுத்துரு எத்தனை எழுத்தை வரைந்தது என்பது இருக்கும். சிஎஸ்எஸ்ஸில் எழுதியிருக்கும் பெயரை நம்ப வேண்டாம், இதை நம்புங்கள். பிறகு தலைப்புக்கு ஃபான்ட்-சிந்தசிஸ் என்பதை ‘நன்’ (none) என்று வைத்துப் பாருங்கள். போல்டு மறைந்துவிட்டால் அது போலி. சாய்வெழுத்துக்கும் இதே கதை. தமிழ் எழுத்துருக்களில் இட்டாலிக் கோப்பு அநேகமாக இருக்காது. பிரவுசர் எழுத்தைப் பிடித்துச் சாய்க்கும். மேற்கோளுக்குச் சாய்வு வேண்டும் என்ற வழக்கம் ஆங்கில டெம்ப்ளேட்டோடு வந்தது. ஒற்றை மேற்கோள் குறி போதாதா?

போல்டு கோப்பைச் சேர்த்தால் பக்கம் கனத்துவிடுமே என்பார்கள். இணைய எழுத்துருவைச் சுருக்கி வைக்கும் டபிள்யூஓஎஃப்எஃப்2 வடிவத்தில், தமிழ்ப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் ஒரு செய்திப் படத்தைவிட அது சிறியது. வெட்டும்போது ரூபாய்க் குறியையும், இணைப்பைக் கட்டுப்படுத்தும் இரண்டு கண்ணுக்குத் தெரியாத குறிகளையும், துணைக்குறி தனியாக நின்றால் அதோடு வரும் புள்ளி வட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். விலைவாசிச் செய்தியில் ரூபாய்க் குறி மட்டும் வேறு எழுத்துருவில் துருத்திக்கொண்டு நிற்பது அதை மறந்ததால் வருவது. கோப்புகளை உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கூகுளிடமிருந்து இழுத்தால் வாசகர் வேறு தளத்தில் ஏற்கெனவே இறக்கிய கோப்பு இங்கேயும் உதவும் என்ற கணக்கு, 2020இல் குரோம் 86 ஒவ்வொரு தளத்துக்கும் சேமிப்பைத் தனியாகப் பிரித்த பிறகு செல்லாது.

எழுத்துரு வந்து சேரும்வரை பிரவுசர் சுமார் மூன்று வினாடி எழுத்தையே காட்டாமல் காத்திருக்கும். சிஎஸ்எஸ்ஸில் ஃபான்ட்-டிஸ்பிளே என்பதை ஸ்வாப் ஆக்கினால் உடனே கணினியில் உள்ள எழுத்துருவில் காட்டி, பிறகு மாற்றும். மாற்றும்போது வரிகள் குதிக்கும். படித்துக்கொண்டிருந்த வரி நழுவி, விளம்பரத்தின் மேல் விரல் படுவது இப்படித்தான். தற்காலிக எழுத்துருவுக்கு சைஸ்-அட்ஜஸ்ட் கொடுத்து இரண்டின் அகலத்தையும் நெருக்கமாக்கலாம்; குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் 92ஆம் பதிப்பிலிருந்து உண்டு, சஃபாரியில் 17லிருந்து.

பழைய சிஎஸ்எஸ்ஸில் எழுத்துருவின் முதல் பெயராக விண்டோஸின் பழைய தமிழ் எழுத்துரு ‘லதா’ இருப்பதை இன்னும் பல தளங்களில் பார்க்கிறோம். விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் தானாக வருவதில்லை. ‘தமிழ் சப்ளிமெண்டல் ஃபான்ட்ஸ்’ என்று ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் போய்ச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் நிர்மலா யூஐதான் வரும். லதாவுக்கு என்று 13 பிக்சல் வைத்த பக்கம் நிர்மலாவில் அதே பக்கமாக இருக்காது. உடல் எழுத்துக்கு 17 அல்லது 18 பிக்சல் வையுங்கள், வரி உயரம் 1.6 அல்லது 1.7. தலைப்புக்கு 1.35க்குக் கீழே போக வேண்டாம். ஆங்கிலத் தலைப்புக்கு வைத்த 1.1 தமிழில் மேல்வரியின் ‘கூ’, ‘ழு’ கால்களையும் கீழ்வரியின் ‘கீ’ மேல்சுழியையும் மோதவிடும். கட்டத்துக்குள் இரண்டு வரி மட்டும் காட்டி மீதியை மறைக்கும் இடங்களில் அந்தக் கால்கள் அப்படியே வெட்டுப்படும்.

எழுத்து இடைவெளியைச் சுழியமாக விடுங்கள். ஆங்கிலத் தலைப்பை நெருக்குவதற்கு வைத்த மைனஸ் 0.02 தமிழில் ‘ற்ற’வை ஒட்டவைக்கும். அதிகரித்தாலும் ஆபத்துதான்: யூனிகோடு விதிப்படி ‘க்ஷ’ ஓர் அலகு ஆகாது, ‘க்’ ஒன்று, ‘ஷ’ ஒன்று. 2023இல் வந்த யூனிகோடு 15.1ஆம் பதிப்பு தேவநாகரி, வங்காளம், தெலுங்கு, மலையாளம் போன்றவற்றின் கூட்டெழுத்தை ஒரே அலகாகக் கொள்ள விதி செய்தது. தமிழ் அதில் இல்லை. இடைவெளி கொடுத்தால் ‘லக்ஷ்மி’ நடுவில் பிளக்கக்கூடும்.

நிறத்தைப் பற்றி ஒரு வரி. வெள்ளையில் #777 என்ற நிறக் குறியீடுள்ள சாம்பலின் மாறுபாடு 4.48க்கு 1, அணுகல்தன்மை வழிகாட்டி கேட்கும் 4.5ஐக்கூட எட்டவில்லை. #999 என்றால் 2.85தான். செய்தியின் உடல் எழுத்தை #222க்கு அருகில் வையுங்கள். ஃபான்ட்-ஸ்மூத்திங் என்பதை ஆன்டிஅலையஸ்டு ஆக்கும் வரி இருந்தால் நீக்கிவிடுங்கள். அது ஆப்பிள் கணினியில் மட்டும் வேலை செய்து எழுத்தை இளைக்க வைக்கும். வடிவமைப்பாளர் மேக்புக்கில் பார்த்து ரசிப்பதை விண்டோஸிலும் ஆண்ட்ராய்டிலும் படிக்கும் வாசகர் பார்ப்பதே இல்லை.

பெங்களூரு பதிப்புக்கு என்று தனியாக ஒன்று. கன்னட அறிவிப்பும் தமிழும் ஒரே பக்கத்தில் வரும்போது, எழுத்துருப் பட்டியலில் நோட்டோ சான்ஸ் கன்னடா மட்டும் இருந்தால் தமிழுக்கு அதில் எழுத்தே இல்லை. கணினியில் உள்ளது எதுவோ அது வரும். தமிழ் எழுத்துரு, கன்னட எழுத்துரு இரண்டின் பெயரையும் கொடுங்கள். தமிழ்ப் பத்திக்கு மொழிக் குறி ‘டிஏ’ என்றும் கன்னடத்துக்குக் ‘கேஎன்’ என்றும் இருக்கட்டும். ஃபயர்ஃபாக்ஸில் தமிழுக்கென்று எழுத்துருவும் குறைந்தபட்ச அளவும் அமைத்து வைத்திருக்கும் வாசகர்களுக்கு அந்தக் குறி இருந்தால்தான் அவர்கள் அமைப்பு வேலை செய்யும்.

கடைசியாகச் சொல்வது எழுத்துரு விஷயமே இல்லை, ஆனால் எழுத்துருவின் மேல் பழி விழும் விஷயம். அச்சுப் பக்கத்தைப் பழைய குறியாக்க எழுத்துருவில் அமைத்துவிட்டு யூனிகோடுக்கு மாற்றும்போது மூன்று பிழைகள் ஒட்டிக்கொள்கின்றன. பழைய முறையில் கொம்பை முதலில் தட்டி, பிறகு மெய்யைத் தட்டுவோம். யூனிகோடில் மெய் முன்னால், கொம்பு பின்னால். மாற்றும் மென்பொருள் ஒரு கொம்பை இடம் மாற்றாமல் விட்டுவிட்டால் அது அநாதையாகிப் புள்ளி வட்டத்தோடு நிற்கும். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் பயன்படுத்தும் ஹார்ஃப்பஸ் என்ற, எழுத்துகளைச் சேர்த்து வடிவம் கொடுக்கும் பொறி, சேர்க்கை தவறு என்று காட்டவே அந்த வட்டத்தைப் போடுகிறது. இரண்டாவது, ‘ர்’ இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியும்: ‘அவர்’ என்பது ‘அவா்’ ஆகிவிடுகிறது. சில எழுத்துருக்களில் கண்டுபிடிக்கவே முடியாது, சிலவற்றில் புள்ளி தள்ளிப்போய் உட்காரும். தேடலில் அந்தச் செய்தி கிடைக்கவே கிடைக்காது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானும் தப்பாகப் படிக்கும். துணைக்காலுக்கு அடுத்து புள்ளி சரியான தமிழில் எங்கேயும் வராது. ஆகவே தரவுத்தளம் முழுவதும் அந்த இணையைத் தேடி ‘ர்’ ஆக்கிவிடலாம், பயமில்லை. மூன்றாவது, ‘கௌரி’க்குப் பதில் கொம்பும் ‘ள’வும் போட்ட ‘கெளரி’. இதை மட்டும் மொத்தமாக மாற்ற முயலாதீர்கள். ‘தெளிவு’, ‘வெளி’, ‘வெள்ளம்’ எல்லாம் சேர்ந்து மாறிப்போகும். கௌரவம், பௌர்ணமி, மௌனம், சௌந்தர், யௌவனம் என்று ஒரு சொற்பட்டியல் வைத்துக்கொண்டுதான் திருத்த வேண்டும்.

எழுத்து சரியில்லை என்று எழுதும் வாசகர்களிடம் படம் மட்டும் கேட்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஸ்கிரீன்ஷாட் அளவு குறைந்து, கிளியர்டைப்பின் நிறவிளிம்புகள் குழம்பி வரும். தடிமனைப் பற்றி அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. பிரவுசரின் பெயரும் பதிப்பு எண்ணும், விண்டோஸா ஆண்ட்ராய்டா ஆப்பிளா என்பதும், ஜூம் சதவீதமும், செய்தியின் இணைப்பும் வேண்டும். கூடவே பிரச்சினையான சொல்லை நகலெடுத்து ஒட்டச் சொல்லுங்கள். அதே சொல்லை வேறொரு எழுத்துருவில் ஒட்டிப் பார்த்து, அங்கேயும் புள்ளி வட்டம் வந்தால் ஆசிரியர் குழுவுக்கு அனுப்பலாம். வராவிட்டால் வடிவமைப்பாளருக்கு.

இப்படிக்கு,
எழுத்துரு, இணைய வடிவமைப்புத் தொழிலில் உள்ள வாசகர்கள் சிலர்,
அல்சூர், பெங்களூரு.